நானூறு மில்லிசெகண்ட்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
ஒரு சரக்கு ரயிலை முழுசாக எண்ணி முடிக்கலாம்.
எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும்.
ஓட்டுநர்கள் சக்கரத்தடியில் சோறு பொங்கி
கைலி துவைத்து, கொடி கட்டிக் காயப்போட்டு
மறுநாளும் அங்கேயே.
இந்தப் பக்கம் காத்திருப்பது
யாருக்கும் புதிதில்லை.

நான் மணலியில் ஓர் ஆலைக்கு
ரிலே செட்டிங் பார்க்கப் போனவள்.
பேனல் அறைக்குள் ஏசியையும் மீறிக்
கந்தக வாடை, கொஞ்சம் கடல்.
போல்ட் தலைகளில் பச்சை பூத்திருந்தது.
கதவில் மஞ்சள் சீட்டு:
சதுர சென்டிமீட்டருக்கு முப்பத்திரண்டு கலோரி.

"கலோரின்னா பிஸ்கோத்து கவர்ல போடுவானே, அதானே?"
சிரித்தார் எத்திராஜ்.
தோல் கொப்பளிக்க ஒன்றேகால்கூட வேண்டாம் என்றேன்.
சிரிப்பை அவர் நிறுத்தவில்லை.
உள்ளங்கையை மட்டும் ஒருமுறை
திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான்.
எங்கோ ஒரு மோட்டாரில் கோளாறென்றால்
அதன் சின்ன பிரேக்கர் முதலில் விழட்டும் என்று
மேலே இருக்கும் பெரியது பொறுத்திருக்கும்,
விருந்து வைத்தவர் கடைசிப் பந்தியில் உட்காருவதுபோல.
நானூறு மில்லிசெகண்ட் மரியாதை.
அதனால்தான் ஆலை இருளாமல்
ஒரு பம்பு மட்டும் நிற்கிறது.

ஆனால் கோளாறு கீழே இல்லை,
இங்கேயே, பஸ்பாரில்,
ஒரு மனிதன் முகத்துக்கு நேரே என்றால்
அந்த மரியாதை முடியும்வரை
தீ எரியும்.
ஒரு விரல் செம்பு
அறை நிறையப் புகையாகும்.

ஆகவே ஒரு சாவி கேட்டேன்.
ஆள் உள்ளே போகுமுன் திருப்ப வேண்டும்.
திருப்பிவிட்டால் பெரியது யாருக்காகவும் பொறுக்காது.
நானூறு ஐம்பதாகும்,
முப்பத்திரண்டு நாலாகும்.
மூன்றாம் வகுப்புக் கணக்கு.

கையெழுத்துதான் கடினம்.
"ஒரு டிரிப்புக்குப் பதினாலு லட்சம்மா,
உன் சாவி தெரியாத்தனமா அப்படியே இருந்துட்டா?"
என்றார் மேலாளர் ரங்கபாஷ்யம்.
கேள்வி நியாயம்தான்.
மூன்று வாரம் என் தாள் அவர் மேசையில்
கண்ணாடி உருண்டைக்கு அடியில்
கேட் திறக்கக் காத்திருந்தது.
பிறகு, சோதனை முறையில், என்று சேர்த்து எழுதிக்
கையெழுத்திட்டார்.

பிரேக்கரை வெளியே இழுக்கச் சின்ன மோட்டாரும் வந்தது.
ஒன்பது மீட்டர் வயர், நுனியில் இரண்டு பொத்தான்.
வாசலுக்கு வெளியே நின்றே அழுத்தலாம்.
"புள்ளைங்க ரிமோட் காரு மாதிரி கீது"
என்றார் எத்திராஜ்.
கொஞ்சம் வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி. மழை விடாத ராத்திரி.
ஏழாம் நம்பர் பிரேக்கர்.
அவர் சாவியைத் திருப்ப
பர்வீன் ரிஜிஸ்டரில் நேரம் எழுதினாள்: இரண்டு பத்து.
வயரை வாசல்வரை இழுத்துப்போய்
அழுத்தினார்.
உள்ளே ஒரு பல்லி இருந்திருக்கிறது,
சூட்டுக்கு ஒதுங்கி.

கதவை யாரோ அறைந்ததுபோல ஒன்று.
பிறகு இருட்டு.
பிறகு மழை.
ஆலை மொத்தமும் நின்றுபோனால்
மழை எவ்வளவு கிட்டத்தில் கேட்கிறது என்று
பர்வீன் பின்னால் சொன்னாள்.

அறிக்கை பதினொரு பக்கம்.
பதினாலு லட்சம் பதினாறானதற்கு மட்டும் ஆறு.
பல்லிக்கு ஒரு பத்தி.
காயம் என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு,
மை தீரப்போகும் பேனாவால் இழுத்தது.
என் போனில் இருப்பது
அந்தக் கோட்டின் படம்.

காலையில் கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டி
எத்திராஜ் வீடு சேர எட்டரை ஆகியிருக்கிறது.
ஏன் இவ்வளவு நேரம் என்றதற்குக்
"கரண்ட்டு போச்சு" என்றாராம்.
பல் விளக்கப் போனாராம்.